மனச்சோர்வுக் குளிசைகளைப் பாதுகாப்பாக எடுத்தல்: வன்னியில் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

கிளிநொச்சி, முல்லைத்தீவு, வவுனியா, மன்னார் மாவட்டங்களின் வைத்தியசாலைகளில் நடக்கும் உளநலக் கிளினிக்குகளுக்கு வந்து, மனச்சோர்வுக்கோ பதகளிப்புக்கோ குளிசை பெற்றுச் செல்பவர்களும் அவர்களைப் பராமரிப்பவர்களும் மருந்து வழங்கும் யன்னலில் நின்று கேட்கும் கேள்விகளுக்கு இங்கே விடை எழுதியிருக்கிறேன். பின்னால் நிற்பவருக்குக் கேட்டுவிடும் என்ற கூச்சத்தில் பலர் பாதிக் கேள்வியோடு திரும்பிவிடுகிறார்கள். மீதிக்கான விடையை அயலில் யாரிடமாவது பெற்றுக்கொள்கிறார்கள். இந்த மருந்துகளைச் சுற்றி நேரும் கேடுகளில் பெரும்பகுதி, ஒருவருக்கும் சொல்லாமல் நிறுத்துவதாலும், சொல்லாமல் கூட்டுவதாலும், சொல்லாமல் வேறு மருந்தோடு சேர்ப்பதாலும் வருகிறது என்பது என் உறுதியான எண்ணம். இங்கே இருப்பது பொது விளக்கம். உங்களுக்கு எந்த மருந்து, எத்தனை மில்லிகிராம் என்பதை உங்களைப் பரிசோதித்த வைத்தியரே தீர்மானிப்பார்.

இது நித்திரைக் குளிசையா? பழகிவிட்டால் விட முடியாது என்கிறார்களே?

இல்லை. கிளினிக்கில் பொதுவாகக் கொடுக்கப்படும் புளூஒக்செற்றின், சேர்ட்ரலின், வென்லாஃபாக்சின் போன்றவை நித்திரை கொள்ளவைக்கும் மருந்துகள் அல்ல; அமிட்ரிப்டிலினும் மிர்டாசபினும் நித்திரையைத் தரக்கூடியவை என்றாலும் அவையும் மனச்சோர்வுக்கான மருந்துகளே. மூளையின் நரம்புக் கலங்கள் ஒன்றோடொன்று தொடர்புகொள்ளப் பயன்படுத்தும் செரொட்டோனின், நோர்அட்ரினலின் முதலிய இரசாயனங்களின் இயக்கத்தை இவை மாற்றுகின்றன. அந்த மாற்றத்தைத் தொடர்ந்து மூளை தன்னைச் சரிப்படுத்திக்கொள்ளச் சில வாரங்கள் தேவைப்படுகின்றன.

மக்கள் பயப்படும் 'பழக்கம்' பெரும்பாலும் டயசிபாம் போன்ற, படபடப்பைத் தணித்து நித்திரை தரும் மருந்துகளைப் பற்றியது. அவற்றை நீண்டகாலம் எடுத்தால், அதே பலனுக்கு மேலும் மேலும் அளவு தேவைப்படலாம். எடுக்காவிட்டால் இருக்க முடியாத நிலையும் வரலாம். தொடக்கத்தில் படபடப்பும் நித்திரையின்மையும் கடுமையாக இருந்தால் வைத்தியர் அத்தகைய குளிசை ஒன்றையும் சில நாட்களுக்குச் சேர்த்துத் தருவதுண்டு. இரண்டும் ஒரே பைக்குள் வருவதால் இரண்டும் ஒன்றென்று நினைத்துவிடுகிறார்கள். எது சில நாட்களுக்கு மட்டும், எது மாதக்கணக்கில் என்பதை வைத்தியரிடம் கேட்டுக் கிளினிக் கொப்பியில் எழுதுவித்துக்கொள்ளுங்கள். மனச்சோர்வுக்கான மருந்துகளில் மேலும் வேண்டுமென்ற அவா ஏற்படுவதில்லை. ஆனால் உடல் அவற்றுக்கு இசைந்துவிடுவதால் திடீரென நிறுத்தினால் தொல்லை வரும். அதைப் பற்றிக் கீழே விரிவாக எழுதியிருக்கிறேன்.

என் மகன் காணாமற்போனவன். என் துயரத்துக்குக் காரணம் இருக்கிறது. அதற்குக் குளிசை என்ன செய்யும்?

இந்தக் கேள்வியை வன்னியில் வேறு எந்தக் கேள்வியையும் விட மரியாதையோடு அணுகவேண்டும். 2009இல் போர் முடிந்தபோது பிள்ளையைப் படையினரிடம் ஒப்படைத்துவிட்டுத் திரும்பிய தாய்க்கும், 2017 பெப்ரவரி முதல் கிளிநொச்சியிலும் வவுனியாவிலும் தெருவோரப் பந்தல்களில் படங்களோடு இருந்த உறவுகளுக்கும் இருப்பது ஒரு வருத்தத்தின் குணங்குறி மட்டுமல்ல. அவர்கள் கேட்பது பதில். அந்தப் பதிலை எந்த மருந்தும் தராது. பிள்ளையை மறக்கவும் செய்யாது. மறந்துவிடுவேனோ என்ற பயத்தினாலேயே குளிசையைத் தொடாமல் வைத்திருக்கும் அம்மாமாரும் உண்டு. அவர்களுக்கு நான் உறுதியாகச் சொல்லக்கூடியது, இந்தக் குளிசைகள் நினைவை அழிப்பதில்லை என்பதே.

ஆனால் துயரத்தின் மேல் மனச்சோர்வு ஒரு நோயாகவும் வந்து படிந்துவிடுவதுண்டு. வாரக்கணக்கில் நித்திரை இல்லை, சாப்பாடு இறங்கவில்லை, குளிக்கவும் மனமில்லை, இருக்கிற பிள்ளைகளின் முகத்தைக்கூடப் பார்க்க முடியவில்லை, கை கால் உளைவும் தலையிடியும் நெஞ்சு இறுக்கமும் எந்தப் பரிசோதனையிலும் பிடிபடவில்லை, செத்தால் போதும் என்ற எண்ணம் வந்து வந்து போகிறது என்றால், அந்தப் பகுதிக்கு மருந்து உதவக்கூடும். நித்திரையும் பசியும் திரும்பிய ஒருவரால் தன் துயரத்தைத் தாங்கவும், பேசவும், விரும்பினால் தேடலைத் தொடரவும் கூடுதலாக முடிகிறது. மருந்தோடு உளவளத்துணையும், ஒரே இழப்பைச் சந்தித்தவர்களோடு கூடியிருப்பதும் சேரும்போது பலன் கூடும். குளிசை மட்டும் தந்து அனுப்பப்பட்டிருந்தால், உளவளத்துணைக்கு வழி இருக்கிறதா என்று அடுத்த கிளினிக்கில் நீங்களே கேளுங்கள்.

எத்தனை நாளில் குணம் தெரியும்?

பலருக்கு முதலில் நித்திரையும் பசியும் ஓரளவு சீராகின்றன. மனம் இலேசாவது பொதுவாக இரண்டு முதல் நான்கு வாரங்களில் தொடங்குகிறது, முழுப் பலன் தெரிய ஆறு வாரங்களோ அதற்கு மேலோ ஆகலாம். பக்கவிளைவு முதல் நாளிலேயே வர, பலன் மூன்றாவது வாரத்தில்தான் வருகிறது என்பதே இந்த மருந்தின் பெரிய சிக்கல். பத்தாம் நாளில் 'இது எனக்குச் சரிவராது' என்று விடுபவர்கள் கஷ்டத்தை மட்டும் அனுபவித்துவிட்டுப் பலன் வருமுன் விலகிவிடுகிறார்கள். சரியான அளவில் நான்கு முதல் ஆறு வாரங்கள் ஒழுங்காக எடுத்தும் மாற்றமே இல்லையென்றால் வைத்தியர் அளவைக் கூட்டுவார் அல்லது மருந்தை மாற்றுவார். முதல் மருந்து பலன் தராதது வழக்கமான ஒன்றுதான். அதற்காக மனம் விட வேண்டியதில்லை.

தொடக்கத்தில் என்ன தொல்லைகள் வரும்?

புளூஒக்செற்றின், சேர்ட்ரலின் வகையில் குமட்டல், வயிற்றோட்டம், தலையிடி, கை நடுக்கம், வியர்வை, நித்திரைக் குழப்பம், ஒருவகைப் பரபரப்பு ஆகியவை வரலாம். பெரும்பாலும் ஒன்று இரண்டு வாரங்களில் தணிந்துவிடும். சாப்பிட்டபின் எடுத்தால் குமட்டல் குறையும். அமிட்ரிப்டிலின் வாயை உலரவைக்கும்; மலச்சிக்கல், மங்கலான பார்வை, மறுநாள் காலை வரை நீளும் தூக்கக் கலக்கம், படுக்கையிலிருந்து சடுதியாக எழும்பும்போது தலைச்சுற்று ஆகியவற்றையும் தரக்கூடும். இரவில் சலம் கழிக்க வெளியே போகும் வயோதிபர்கள் முதலில் கட்டிலில் சற்று நேரம் இருந்துவிட்டு எழும்பவேண்டும். சலம் கழிக்கச் சிரமப்படுபவர்கள், கண் அழுத்த நோய் உள்ளவர்கள், இருதய வருத்தம் உள்ளவர்கள் அமிட்ரிப்டிலின் தரப்படும்போது அதைக் கட்டாயம் சொல்லவேண்டும்.

வயோதிபர்களைப் பற்றி இன்னொன்றும் உண்டு. இந்த மருந்துகள் சிலருக்குக் குருதியில் சோடியத்தின் அளவைக் குறைத்துவிடுகின்றன. பிறசருக்கு, சலத்தைப் பெருக்கும் குளிசை எடுப்பவர்களுக்கு இந்த ஆபத்துக் கூடுதல். அறுபது எழுபது வயதுக்காரர் மருந்து தொடங்கிய சில வாரங்களுக்குள் தடுமாறி நடந்தாலோ, இடம் மாறிப் பேசினாலோ, அளவுக்கு மீறிச் சோர்ந்து கிடந்தாலோ, வயதின் குழப்பம் என்று விட்டுவிடாமல் வைத்தியசாலைக்குக் கொண்டுபோங்கள். ஒரு குருதிப் பரிசோதனையில் தெரிந்துவிடும்.

முதல் வாரங்களில் வீட்டில் உள்ளவர்கள் எதைக் கவனிக்கவேண்டும்?

இரண்டு விடயங்கள் முக்கியமானவை. முதலாவது, தற்கொலை எண்ணம். இருபத்தைந்து வயதுக்குட்பட்டவர்களில் சிலருக்கு, மருந்து தொடங்கிய முதல் வாரங்களிலும் அளவு மாற்றப்படும் காலத்திலும் இத்தகைய எண்ணங்கள் கூடக்கூடும் என்பதால், அமெரிக்காவின் மருந்துக் கட்டுப்பாட்டு நிர்வாகம் 2004இல் பிள்ளைகளுக்கும் பதின்ம வயதினருக்கும், 2007இல் 24 வயது வரையானவர்களுக்கும் இந்த எச்சரிக்கையை மருந்துத் தகவலில் சேர்ப்பித்தது. மருந்தைத் தவிர்க்கவேண்டும் என்பது இதன் பொருளல்ல. சிகிச்சையில்லாத மனச்சோர்வே உயிருக்குப் பெரிய ஆபத்து. ஆனால் அந்த வாரங்களில் பிள்ளையைத் தனிமையில் விடக்கூடாது. 'சாகவேண்டும் போல் இருக்கிறதா?' என்று நேரடியாகக் கேட்கலாம். கேட்பதால் அந்த எண்ணம் உண்டாவதில்லை. ஆம் என்றால் அடுத்த கிளினிக் நாள்வரை காத்திருக்காமல் அன்றே வைத்தியசாலைக்குச் செல்லுங்கள். 1926 என்ற தேசிய உளநல உதவி இலக்கத்துக்கும் பேசலாம்; அவசரமென்றால் 1990 அம்புலன்சை அழையுங்கள், அது இலவசமானது.

இரண்டாவது, வழமைக்கு மாறான உற்சாகம். மூன்று மணித்தியாலம் மட்டும் நித்திரை கொண்டும் களைப்பே இல்லை, ஓயாத பேச்சு, பசுவை விற்றுவிட்டுக் கடை போடப்போகிறேன் என்ற திட்டம், ஒரே வாரத்தில் இரண்டு இடத்தில் நுண்கடன் என்றெல்லாம் தொடங்கினால், 'ஆள் நல்லா வந்திட்டார்' என்று மகிழ்ந்திருக்கக்கூடாது. இருமுனைப் பிறழ்வு என்ற நோய் உள்ளே இருந்து, இந்த மருந்தினால் மறுபக்கம் சாய்ந்திருக்கலாம். உடனே வைத்தியருக்கு அறிவிக்கவேண்டும். குடும்பத்தில் யாருக்காவது முன்பு அப்படி வந்திருந்தால், மருந்து தொடங்குமுன்பே சொல்லிவிடுவது மிகவும் நல்லது.

எந்த நேரத்தில் எடுப்பது? பத்தியம் உண்டா? விரதநாளில் என்ன செய்வது?

புளூஒக்செற்றின் பொதுவாகக் காலையில். அமிட்ரிப்டிலின், மிர்டாசபின் இரவில். சேர்ட்ரலினை உங்களுக்கு ஒத்துவரும் ஏதாவது ஒரு நேரத்தில், நாளுக்கு நாள் அதே நேரமாக எடுக்கலாம். முல்லைத்தீவுக் கரையில் இரவுத் தொழிலுக்குப் போய் விடியத் திரும்புபவருக்கு 'காலை', 'இரவு' என்பதெல்லாம் வேறு. அவர் தன் நித்திரை நேரத்தை வைத்தியரிடம் சொல்லி அதற்கேற்ப நேரத்தை வாங்கிக்கொள்ளவேண்டும். மெதுவாக வெளிவிடும் வகை வென்லாஃபாக்சினை உடைக்கவோ சப்பவோ கூடாது.

மேலே சொன்ன மருந்துகளுக்குப் பத்தியம் இல்லை. மீன், முட்டை, கத்தரிக்காய், புளி எல்லாம் சாப்பிடலாம். பத்தியம் காக்க முடியாத கிழமையில் குளிசையையே நிறுத்திவிடும் வழக்கம் எங்கள் பக்கத்தில் இருப்பதால் இதை அழுத்திச் சொல்கிறேன்.

கந்தசஷ்டி விரதமாயினும் நோன்பாயினும், ஒருநாளைக்கு ஒருதடவை எடுக்கும் குளிசையைச் சாப்பிடும் நேரத்துக்கு மாற்றிக்கொள்ள வைத்தியர் வழி சொல்வார். விரதம் தொடங்குமுன் கேளுங்கள். மடுத் திருவிழாவுக்குப் போய்க் காட்டில் கூடாரமடித்து இருப்பவர்களும், கதிர்காமத்துக்குப் பாதயாத்திரை போகிறவர்களும் அத்தனை நாளுக்கும் கணக்கிட்டுக் குளிசையை நனையாத பையில் கையோடு கொண்டுபோகவேண்டும்.

ஒரு நேரம் மறந்துவிட்டால்?

அன்றைக்குள் நினைவு வந்தால் எடுங்கள். அடுத்த நேரம் நெருங்கிவிட்டால் விட்டதை விட்டுவிடுங்கள். இரண்டை ஒன்றாக எடுக்கக்கூடாது.

நோவுக் குளிசை, பிறசர், சீனி வருத்தத்துக்கான குளிசைகள், நாட்டு மருந்து ஆகியவற்றோடு சேர்த்து எடுக்கலாமா?

இந்த இடத்தில்தான் கவனம் மிகவும் வேண்டும். வன்னியில் உடலில் செல் துண்டோடும், பழைய முறிவோடும், துண்டிக்கப்பட்ட காலின் நோவோடும் வாழ்பவர்கள் ஏராளம். அவர்களின் பைக்குள் ஏதோ ஒரு நோவுக் குளிசை எப்போதும் இருக்கும். பரசிற்றமோல், அதாவது பனடோல், சரியான அளவில் எடுக்கலாம். டிக்ளோபெனாக், இபுபுறுபன், அஸ்பிரின் ஆகியவற்றைப் புளூஒக்செற்றின் வகையோடு சேர்த்தால் வயிற்றில் குருதி கசியும் ஆபத்துக் கூடுகிறது. குருதி உறையாமலிருக்க வோர்பரின் எடுப்பவர்களுக்கும் அப்படியே. மலம் தார் போலக் கறுத்துப் போனால் அன்றே வைத்தியசாலைக்குப் போகவேண்டும். டெங்குக் காலத்தில் காய்ச்சல் வந்தால் டிக்ளோபெனாக்கையும் இபுபுறுபனையும் தொடவே வேண்டாம். நீங்கள் எடுக்கும் மனச்சோர்வுக் குளிசையையும் வைத்தியருக்குக் காட்டுங்கள்.

டிரமடோல் தனியாகக் குறிப்பிடவேண்டிய ஒன்று. கடும் நோவுக்குத் தரப்படும் இந்த மருந்து, செரொட்டோனினைக் கூட்டும் குளிசைகளோடு சேரும்போது வலிப்பையும், செரொட்டோனின் மிகைநிலையையும் உண்டாக்கக்கூடும். சில இருமல் பாணிகளில் உள்ள டெக்ஸ்ட்ரோமெதோர்பனும் அதே மிகைநிலைக்கு வழிசெய்யும். உடல் நடுக்கம், தசை இறுக்கம் அல்லது துடிப்பு, கடும் வியர்வை, காய்ச்சல், வயிற்றோட்டம், வேகமான நெஞ்சுத்துடிப்பு, குழப்பம் ஆகியவை சில மணித்தியாலங்களுக்குள் ஒன்றாக வந்தால், அதை வெறும் காய்ச்சலென்று எண்ணாமல் அவசர சிகிச்சைக்குப் போங்கள்.

சீனி வருத்தக்காரர்களுக்குப் புளூஒக்செற்றின் தொடங்கும்போது குருதியில் சீனியின் அளவு இறங்கக்கூடும். முதல் வாரங்களில் ஒருமுறை கூடுதலாகப் பார்க்கச் சொல்லுங்கள். வென்லாஃபாக்சின் பிறசரைக் கூட்டலாம். வலிப்பு நோய் உள்ளவர்கள் அதை முதலிலேயே தெரிவிக்கவேண்டும். நாட்டு வைத்தியரின் சூரணத்தையோ கசாயத்தையோ ஒளிக்கவேண்டாம். பையோடு கொண்டுவந்து காட்டுங்கள். பிறசருக்கு ஒரு கிளினிக், சீனிக்கு ஒரு கிளினிக், மனத்துக்கு ஒரு கிளினிக் என்று மூன்று கொப்பி வைத்திருப்பவர்கள் மூன்றையும் ஒரே பையில் போட்டு, எங்கே போனாலும் எடுத்துச் செல்லவேண்டும். ஒரு வயோதிப அம்மா சேலைத் தலைப்பில் முடிந்திருந்த பொலித்தீன் பையை அவிழ்த்தபோது, உறையில்லாத வெள்ளைக் குளிசைகள் மூன்று வகை ஒன்றாகக் கலந்து கிடந்ததைப் பார்த்திருக்கிறேன். எது எதற்கு என்பது அவருக்கும் தெரியாது, பார்த்த எங்களுக்கும் உடனே தெரியவில்லை. குளிசையை அதன் உறையிலிருந்து பிரித்துக் கொட்டிவைக்காதீர்கள்.

பின்னேரத்தில் கொஞ்சம் கள்ளுக் குடித்தால் பிழையா?

கள்ளாயினும் சாராயமாயினும், கசிப்பானால் இன்னும் மேலாகவும், மனச்சோர்வைக் கூட்டுகின்றன. அமிட்ரிப்டிலின், மிர்டாசபின் எடுப்பவருக்கு மயக்கத்தையும் தடுமாற்றத்தையும் பலமடங்காக்குகின்றன. குடிக்காமல் இருப்பதே நல்லது. ஆனால் நடைமுறையில் நான் காண்பது வேறொரு தீமை: குடிக்கிற நாளில் குளிசையை விடுவது. வார இறுதியெல்லாம் விட்டு விட்டு எடுத்தால் மருந்து வேலை செய்யாது, நிறுத்தியதால் வரும் தொல்லைகளும் வரும். நாளாந்தம் குடிப்பவர் அதைத் திடீரென நிறுத்துவதும் ஆபத்தானது, வலிப்பு வரக்கூடும். குடி எவ்வளவு என்பதை வைத்தியரிடம் உள்ளபடி சொல்லுங்கள். அவர் ஏசுவதற்காகக் கேட்பதில்லை.

வயலில், வெயிலில், உழவு இயந்திரத்தில் வேலை செய்யலாமா?

செய்யலாம், வேலைக்குத் திரும்புவது நோய்க்கும் நல்லது. ஆனால் முதல் ஓரிரு வாரமும், அளவு கூட்டிய பின் வரும் சில நாட்களும் மருந்து உங்களை எப்படி ஆக்குகிறது என்று தெரியும்வரை, உழவு இயந்திரம், நெல் வெட்டும் இயந்திரம், மோட்டார் சைக்கிள் ஆகியவற்றை ஓட்டாதீர்கள். அமிட்ரிப்டிலின் வியர்வையைக் குறைப்பதால் சிறுபோக வெயிலில் உடல் சூடாகிவிடும். மற்றவை வியர்வையைக் கூட்டுவதால் நீர் இழப்பாகும். தண்ணீர்ப் போத்தலும் தொப்பியும் வேண்டும். முடியுமானால் கடும் உச்சி வெயிலை விட்டு வேலையைப் பிரித்துக்கொள்ளுங்கள்.

கர்ப்பமாகிவிட்டேன். உடனே நிறுத்தவேண்டுமா?

நீங்களாக நிறுத்தவேண்டாம். திடீரென நிறுத்தினால் மனச்சோர்வு திரும்பிவந்து, தாயையும் பிள்ளையையும் பாதிக்கக்கூடும். குடும்பநல உத்தியோகத்தரிடம் முதற் பதிவின்போதே குளிசையின் பெயரைச் சொல்லுங்கள். உளநல வைத்தியரும் மகப்பேற்று வைத்தியரும் கலந்து முடிவெடுப்பார்கள். சில மருந்துகளை மாற்றுவார்கள், சிலவற்றைத் தொடர்வார்கள். பாலூட்டும் தாய்மாருக்குச் சேர்ட்ரலின் பெரிதும் விரும்பப்படும் தெரிவு, ஏனெனில் தாய்ப்பாலில் அது மிகக் குறைந்த அளவே சேருகிறது. பிள்ளை பிறந்தபின் வரும் வாரங்களில் தாயின் மனநிலையை வீட்டார் சிறப்பாகக் கவனிக்கவேண்டும்.

கணவன் மனைவி உறவில் நாட்டம் குறைந்துவிட்டது. இதை எப்படிச் சொல்வது?

இது புளூஒக்செற்றின், சேர்ட்ரலின், வென்லாஃபாக்சின் ஆகியவற்றின் அறியப்பட்ட பக்கவிளைவு. ஆண்களுக்கும் பெண்களுக்கும் வரும். வெட்கத்தால் சொல்லாமல் குளிசையை எறிந்துவிடுபவர்கள் பலர். 'குடும்ப வாழ்க்கையில் ஒரு பிரச்சினை' என்று ஒரு வசனம் சொன்னால் போதும், வைத்தியருக்கு விளங்கும். அளவைக் குறைக்கவோ, இந்தத் தொல்லை குறைந்த மருந்துக்கு மாற்றவோ வழி உண்டு.

இந்த மாதம் குளிசையின் நிறம் வேறு. வெளிநாட்டிலிருந்து அண்ணா அனுப்பியதை எடுக்கலாமா?

ஒரே மருந்தைப் பல நிறுவனங்கள் செய்வதால் நிறமும் வடிவமும் உறையும் மாறும். மருந்தின் பெயரும் மில்லிகிராமும் ஒன்றாக இருக்கின்றனவா என்பதே முக்கியம். எழுத்து வாசிக்கச் சிரமமென்றால் பழைய உறையைக் கொண்டுவந்து பக்கத்தில் வைத்துப் பார்க்கச் சொல்லுங்கள்.

கனடாவிலிருந்தும் இலண்டனிலிருந்தும் உறவுகள் அன்போடு அனுப்பும் குளிசைகள் வேறு பெயரில், வேறு அளவில் இருக்கலாம். கிளினிக் குளிசையோடு அதையும் சேர்த்து எடுத்து இரட்டை அளவாகிப்போவதுண்டு. காட்டாமல் எடுக்கவேண்டாம். அதேபோல், உங்களுக்குக் குணமானது என்பதற்காக உங்கள் குளிசையில் இரண்டை அயலவருக்குக் கொடுக்கவும் வேண்டாம்.

2022இல் மருந்துத் தட்டுப்பாடு வந்தபோது, வைத்தியசாலையில் இல்லையென்றால் பாமசியில் வாங்க முடியாதவர்கள் அப்படியே நின்றுவிட்டார்கள். அத்தகைய நிலை மீண்டும் வந்தால், குளிசை முடிய ஒரு வாரம் இருக்கும்போதே சொல்லுங்கள். கிடைக்கும் வேறு மருந்துக்கு ஒழுங்காக மாற்ற வைத்தியருக்கு அவகாசம் வேண்டும். மாரி காலத்திலும் இதே யோசனைதான். 2018 டிசம்பரில் இரணைமடுவின் வான்கதவுகள் திறக்கப்பட்டு ஊர்கள் வெள்ளத்தில் நின்றபோது கிளினிக்குக்கு வரும் பாதைகள் அடைபட்டன. துணுக்காய், மாந்தை கிழக்கு, ஒட்டுசுட்டான் பக்கத்தின் உட்கிராமங்களில் இருப்பவர்கள் கார்த்திகை, மார்கழி மாதங்களுக்கு ஒரு வாரக் குளிசை மேலதிகமாகத் தர முடியுமா என்று கேட்கலாம்.

எவ்வளவு காலம் எடுக்கவேண்டும்? எப்படி நிறுத்துவது?

முதல் தடவை வந்த மனச்சோர்வு என்றால், நன்றாகக் குணமான பின்பும் குறைந்தது ஆறு மாதம் தொடரவேண்டும். முன்பும் வந்து போனதென்றால் இரண்டு வருடமோ அதற்கு மேலோ தொடரும்படி வைத்தியர் சொல்லலாம். 'இப்ப சுகம்தானே' என்று இரண்டாம் மாதத்தில் நிறுத்துபவர்களுக்கு நோய் திரும்பும் வாய்ப்புக் கூடுதல். அந்தச் சுகத்தைத் தாங்கி நிற்பதே அந்தக் குளிசைதான்.

நிறுத்தும் காலம் வரும்போது அளவைப் படிப்படியாகக் குறைக்கவேண்டும். சில வாரங்களில் முடிபவர்களும் உண்டு, நெடுங்காலம் எடுத்தவர்களுக்குப் பல மாதங்களும் ஆகலாம். சடுதியாக விட்டால் தலைச்சுற்று, குமட்டல், எரிச்சல், அழுகை, பயங்கரக் கனவுகள், தலைக்குள் மின்சாரம் பாய்வது போன்ற சிலிர்ப்பு ஆகியவை சில நாட்களுக்குள் தொடங்கும். வென்லாஃபாக்சினில் இது கடுமையாக இருக்கும். புளூஒக்செற்றின் உடலை விட்டு மிக மெதுவாக, வாரக்கணக்கில் வெளியேறுவதால் அதில் தொல்லை குறைவு, ஆனால் பிந்தி வரலாம். இந்தத் தொல்லைகளை நோய் திரும்பியதாக எண்ணிப் பயப்படுபவர்களும் உண்டு. நிறுத்திய சில நாட்களுக்குள் வந்து, மீண்டும் எடுத்ததும் விரைவாகத் தணிந்தால் அது பெரும்பாலும் நிறுத்தியதன் விளைவு; வாரங்கள், மாதங்கள் கழித்து மெல்ல மெல்ல மனம் இறங்கினால் நோய் திரும்புகிறதென்று கொள்ளலாம். எதுவாயினும் கிளினிக்கில் சொல்லுங்கள். நிறுத்த விரும்புவது உங்கள் உரிமை. அதை வெளிப்படையாகச் சொன்னால் வைத்தியர் உங்களோடு சேர்ந்து திட்டமிடுவார்.

அறுவடைக் காலம், வீட்டில் சாவு நடந்த காலம், பிள்ளை பரீட்சை எழுதும் காலம் ஆகியவை குறைக்கத் தொடங்க ஏற்றவை அல்ல என்பது என் அபிப்பிராயம்.

மே மாதம் வந்தால் எல்லாம் திரும்பிவருகிறது. அந்த நாட்களில் ஒரு குளிசை கூட எடுக்கலாமா?

முள்ளிவாய்க்கால் நினைவு நாட்கள் நெருங்கும்போது நித்திரை குழம்புவதும், வெடிச்சத்தத்துக்குத் திடுக்கிடுவதும், கனவுகள் வருவதும் மருந்து ஒழுங்காக எடுப்பவர்களுக்கும் நேரும். அது மருந்து தோற்றுவிட்டதன் அடையாளமல்ல. இந்தக் குளிசைகள் ஒருநாள் கூட்டினால் அன்றே அமைதி தருபவை அல்ல. எனவே கூட்டுவதால் பலன் இல்லை, பக்கவிளைவு மட்டும் வரும். ஒவ்வொரு வருடமும் உங்களுக்கு இப்படி ஆகிறதென்றால் சித்திரையிலேயே கிளினிக்கில் சொல்லி, மே மாதத்தில் முன்கூட்டிய ஒரு திகதி வாங்குங்கள். நினைவேந்தலுக்குப் போவதும் போகாமல் விடுவதும் உங்கள் மனம் சொல்வதைப் பொறுத்தது. போனால் ஒருவரோடு சேர்ந்து போங்கள், அன்றைய குளிசையை மறக்காதீர்கள்.

விசர்க் குளிசை எடுக்கிறாள் என்று ஊரில் தெரிந்தால் கலியாணம் தடைப்படாதா?

இந்தப் பயம் உண்மையானது, அதைச் சின்னதாக எண்ணவில்லை. கிளினிக்கில் நீங்கள் சொல்வது இரகசியமாகப் பேணப்படவேண்டும். உறவினர் யாருக்குச் சொல்லலாம், யாருக்கு வேண்டாம் என்று நீங்கள் கேட்டுக்கொள்ளலாம். ஆனால் வீட்டில் நம்பிக்கையான ஒருவருக்காவது தெரிந்திருக்கவேண்டும், ஏனெனில் நீங்கள் மயங்கி விழுந்தால் வைத்தியருக்கு மருந்தின் பெயரைச் சொல்ல ஒருவர் தேவை. ஒளித்து ஒளித்து எடுப்பவர், விருந்தினர் நிற்கும் நாளில் எடுக்காமல் விடுகிறார். விட்டு விட்டு எடுத்தால் குணமும் வராது.

வீட்டில் எங்கே வைப்பது? யாராவது கூடுதலாக விழுங்கிவிட்டால்?

தகரக் கூரையின் கீழ், அடுப்படித் தட்டில், மோட்டார் சைக்கிள் பெட்டிக்குள் வைக்கவேண்டாம். சூட்டிலும் ஈரத்திலும் மருந்து கெடும். 30 பாகைக்கு மேற்படாத, உலர்ந்த, சிறுவருக்கு எட்டாத, பூட்டக்கூடிய இடம் வேண்டும். அமிட்ரிப்டிலின் சிறுபிள்ளையின் உயிரைப் பறிக்கக்கூடியது. சாகும் எண்ணம் உள்ளவர் வீட்டில் இருந்தால், குளிசை முழுவதையும் வேறொருவர் வைத்திருந்து அன்றன்றைக்கு உரியதை மட்டும் கொடுக்கவேண்டும். தோட்டத்துக்கு வாங்கிய கிருமிநாசினியையும் பூட்டிவைக்கவோ, வீட்டிலிருந்து அப்புறப்படுத்தவோ வேண்டும்.

கூடுதலாக விழுங்கியிருந்தால், ஆள் தெளிவாகக் கதைத்தாலும் காத்திருக்காதீர்கள். இருதயத்தில் விளைவு சில மணித்தியாலம் பிந்தியும் வரலாம். சவர்க்காரத் தண்ணீர் பருக்கிச் சத்தி எடுக்கவைக்க வேண்டாம். 1990க்கு அழைத்து, வெறும் உறைகளையும் கையோடு கொண்டு வைத்தியசாலைக்கு விரையுங்கள்.

மருந்து மாற்றியதால் பழைய குளிசை மிஞ்சிவிட்டது. என்ன செய்வது?

அடுத்த கிளினிக் நாளில் கொண்டுவந்து மருந்து வழங்கும் இடத்தில் ஒப்படையுங்கள். கிணற்றடியிலோ மலசலகூடத்திலோ கொட்டவோ, வளவுக்குள் குப்பையோடு எரிக்கவோ, பிறகு தேவைப்படும் என்று பெட்டியில் சேர்த்து வைக்கவோ வேண்டாம். திகதி முடிந்தவற்றையும் அதே பையில் போட்டுக் கொண்டுவரலாம். ஏன் மிஞ்சியது என்று கேட்டால், எடுக்காமல் விட்ட நாட்களையும் உள்ளபடி சொல்லுங்கள், ஏனெனில் புதிய மருந்தின் அளவை வைத்தியர் அதைக் கொண்டே முடிவு செய்வார்.